இதர செலவு: அறுபது டாலர்

தபால்தலை விலை ஏறினதுதான் எனக்கு விழுந்த முதல் அடி, மேடம். ஜூலை மாசம் அறுபத்தெட்டு சென்ட்டுலேருந்து எழுபத்துமூணுக்குப் போச்சு. அஞ்சு சென்ட்தானேன்னு உங்களுக்குத் தோணும். ஐந்நூறு லெட்டர் போடறவனுக்கு அது இருபத்தஞ்சு டாலர். அந்த இருபத்தஞ்சை வேற எங்கேயாவது வெட்டணும். "இதர செலவு"ன்னு எண்பத்தஞ்சு போட்டு வச்சிருந்தேன். அது அறுபது ஆச்சு.

நீங்க இந்த ஸ்டேஷன் மேஜை மேல வச்சிருக்கீங்களே, அந்த நோட்டுல முதல் பக்கமே அதுதான். ராய்ஸ் டிப்பெட்ஸ், தொழில் தொடங்கும் செலவு, மொத்தம் ரெண்டாயிரத்து நூறு டாலர். என் கையெழுத்து நல்லா இருக்கும். கிடங்குல பத்து வருஷம் சரக்கு தூக்குற வண்டி ஓட்டினேன், அங்கேயும் சரக்குச் சீட்டு எழுதறதுன்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. நாற்பது நிமிஷத்தைப் பத்திக் கேட்டீங்க. சொல்றேன். ஆனா நடுவுலேருந்து ஆரம்பிச்சா என்னைப் பத்தித் தப்பா நினைச்சுக்குவீங்க. முதல்லேருந்தே வர்றேன்.

நான் வீடு வாங்கி விக்கிறவன் இல்ல. அதுக்குப் பணம் வேணும். நான் செய்யறது வேற. விக்க வேண்டிய கட்டாயத்துல இருக்கிற ஒருத்தரைப் பிடிச்சு, இந்த வீட்டை இந்த விலைக்கு நான் வாங்கிக்கறேன்னு ஒப்பந்தம் எழுதி வாங்கணும். முன்பணம் பத்து டாலர் கொடுத்தாப் போதும். அப்புறம் அந்த ஒப்பந்தத்தைக் கையில ரொக்கம் வச்சிருக்கிற ஒரு ஆளுக்கு, கூடுதல் விலைக்கு மாத்திக் கொடுத்துடணும். நடுவுல நிக்கிற வித்தியாசம் நம்முது. சட்டப்படி இதுல தப்பு கிடையாது. டொலீடோவுல என்னை மாதிரி இருநூறு பேராவது இருப்பாங்க. விளக்குக் கம்பத்துல "வீடு வாங்குகிறோம், ரொக்கம்"னு மஞ்ச அட்டை தொங்குமே, அது நாங்கதான்.

என் மனைவி ஷானா சிரிச்சா. பல் ஆஸ்பத்திரியில முன் மேஜையில உட்கார்ந்து நாள் பூரா அடுத்தவங்க வலியைக் கேட்டுட்டு வர்றவ, லேசுல சிரிக்க மாட்டா.

"இல்லாத வீட்டை, இல்லாத காசுல வாங்கி, இன்னொருத்தன் தலையில கட்டப் போறியாக்கும். உனக்கு எவன் இந்த ஞானோதயத்தைக் குடுத்தான்?"

"வீடியோவுல ஒருத்தரு சொன்னாரு."

"அவரு வீடு விக்கலடா ராய்ஸ். உன்னை மாதிரி ஆளுங்களுக்கு வீடியோ விக்கறாரு."

கெட்டிக்காரி அவ. ஆனா வருமான வரியில திரும்பி வந்த பணத்தை எடுத்துக் கொடுத்தவளும் அவதான். கொடுக்கும்போதே தெளிவா சொல்லிட்டா. தேங்க்ஸ்கிவிங் பண்டிகை, அதாவது நவம்பர் கடைசி வரைக்கும் கெடு. அதுக்குள்ள இந்தத் தொழில்லேருந்து காசு வந்தா சரி. வரலேன்னா நான் கிடங்குக்குத் திரும்பணும். கிடங்குல சேர்த்துக்க மாட்டாங்கன்னா, அவ கென்டக்கியில இருக்கிற அக்கா வீட்டுக்கு மூட்டையைக் கட்டிடுவா, நான் பின்னாலேயே வரக்கூடாது. கோபத்துல சொல்லல. தட்டைக் கழுவிக்கிட்டே சொன்னா. கிடங்குல நான் வேலையை விட்டப்போ மேலாளரை நாலு பேர் முன்னாடி என்ன பேசிட்டு வந்தேன்னு அவளுக்குத் தெரியாது. அந்தக் கதவு மூடிப் போச்சு. அதை அவகிட்ட சொல்லவும் முடியல. அன்னிலேருந்து ஒரே ஒரு பக்கம்தான் எனக்கு வழி இருந்துச்சு, மேடம்.

செலவுத் திட்டத்துல குறை சொல்ல முடியாது. கம்பெனி பதிவு தொண்ணூத்தொன்பது. ஒப்பந்தத்தைப் பார்த்துக் கொடுக்க வக்கீலுக்கு ஒரு மணி நேரம், முன்னூறு. முக்கால்வாசிப் பேர் வக்கீலை விட்டுடுவாங்க, நான் விடல. அந்த ஒரு மணி நேரமும் கேள்வியா கேட்டேன். எழுதிக் கொடுத்தவர் மனசு மாறினா என்ன ஆகும், வேற ஆளுக்கு வித்தா என்ன ஆகும், செத்துப் போனா என்ன ஆகும். வக்கீல் நல்ல மனுஷன், ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னாரு. அதுக்கப்புறம் நூறு அட்டை, பெட்ரோல், தனியா ஒரு போன் நம்பர், மஞ்சக் காகிதத்துல கையாலேயே எழுதின லெட்டர். அச்சடிச்சுப் போட்டா குப்பைக்குப் போகும். கையெழுத்தைப் பார்த்தா எவனோ தெரிஞ்சவன்னு பிரிச்சுடுவாங்க.

பெரிய செலவு பட்டியல்தான். வரி கட்ட முடியாதவங்க, விவாகரத்து ஆனவங்க, வீட்டுக்காரர் செத்துப் போய் ஒத்தையா நிக்கிறவங்க, இவங்க பேரையும் விலாசத்தையும் போன் நம்பரையும் தொகுத்து விக்கிறதுக்குன்னே கம்பெனி இருக்கு. பேருக்கு இவ்வளவுன்னு காசு. வீடியோக்காரர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வாரு, வீட்டைத் தேடாதே, கஷ்டத்தைத் தேடுன்னு. என் கைக்கு எட்டின காசுக்குப் பழைய பட்டியல்தான் கிடைச்சுது. அதுல பாதிப் பேர் ஏற்கெனவே வித்துட்டுப் போயிருந்தாங்க. மீதிப் பேர் போன்ல என் அம்மாவை இழுத்தாங்க. அட்டை நூறையும் ரெண்டே வாரத்துல நகராட்சி ஆள் பிடுங்கிட்டுப் போயிட்டான். செப்டம்பர் பாதியில கையில நானூறு டாலர் இருந்துச்சு. ஒப்பந்தம் ஒண்ணு கூட இல்ல.

அப்பத்தான் ஓரின் டாக்கெட் போன் பண்ணினாரு.

"ஏம்பா, நீதானா அந்த மஞ்சக் காகிதக்காரன்?"

"ஆமா சார்."

"இது மூணாவது லெட்டர். நான் பெத்த பொண்ணு எனக்கு இத்தனை லெட்டர் போட்டதில்ல. வீடு விக்கிறதா இல்ல. ஆனா உன் கையெழுத்து நல்லாருக்கு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

எழுபத்துநாலு வயசு. கார் ஆலையில முப்பத்தெட்டு வருஷம் பெயின்ட் அடிச்சவரு, அதனால நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். மனைவி போயி ஆறு வருஷம். மகள் மார்லீன் அரிசோனாவுல, ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை போன். நான் அந்தப் பக்கம் போறப்போ எட்டிப் பார்க்கட்டுமான்னு கேட்டேன். வாயேன்னாரு. டப்பாவுல வர்ற மிளகாய்க் கறியைச் சுடவச்சு, மக்காச்சோள ரொட்டியோட கொடுத்தாரு. மனுஷருக்குப் பேச்சுத் துணை வேணும், அவ்வளவுதான். வீட்டை ஒவ்வொரு அறையா சுத்திக் காட்டினாரு. கீழே நிலவறையில வீட்டைச் சூடாக்கற அடுப்பு. எண்பத்தேழாம் வருஷத்து மாடல். பிள்ளையைக் காட்டற மாதிரி காட்டினாரு.

"ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல தம்பி. எனக்கு முன்னாடி இது போகாது, பார்த்துக்க."

எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. வீட்டைச் சுத்திப் பார்க்கும்போது குறையை மட்டும் எழுதணும், பக்கத்துலேயே அதைச் சரிபண்ண ஆகிற செலவு. அப்புறம் அந்தப் பக்கத்தை விக்கிறவர் முன்னாடி மெதுவா, மரியாதையா படிச்சுக் காட்டணும். விலை தானா இறங்கும். அன்னிக்கே எழுதிட்டேன். கூரை இவ்வளவு, வாசப்படி இவ்வளவு, அடுப்பு நாலாயிரத்து ஐந்நூறு. அவரு விக்கப் போறதில்லன்னு தெரியும். இருந்தாலும் கை பழகணுமில்ல.

வீட்டுக்கு வர்ற வழியில கார்ல யோசிச்சுக்கிட்டே வந்தேன். கஷ்டத்துல இருக்கிறவங்க பேருக்குத்தான் விலை. கஷ்டத்துக்கு விலை இல்ல. பட்டியல் வாங்க என்கிட்ட காசு கிடையாது. ஆனா ஒரு பேரும், ஒரு விலாசமும், என்னைப் பிடிச்சுப் போன ஒரு மனுஷரும் இருந்தாங்க. இதை நான் ஒரு தொழில் கணக்காத்தான் பார்த்தேன். மனசுல பகையே கிடையாது.

முதல்ல நகராட்சிக்கு நானே ஒரு புகார் போட்டேன். வாசப்படி ஆடுது, புல்லு முழங்கால் உயரம்னு. பேர் சொல்ல வேண்டாம், காசும் கிடையாது. முப்பது நாள்ல சரிபண்ணணும், இல்லேன்னா அபராதம்னு அவங்க கதவுல ஒட்டிட்டுப் போனாங்க. அடுத்து, கூரைத் தண்ணியை வெளியே விடற குழாய். நாலு திருகாணியைக் கழட்டினா போதும், மழைத் தண்ணி நேரா நிலவறைக்குப் போயிடும். திருப்புளி என்கிட்டயே இருந்துச்சு. அப்புறம் பறவைத் தீனி ஒரு மூட்டை, ஏழு டாலர் நாப்பது சென்ட். பின் படிக்கட்டுக்கு அடியில கொட்டினேன். பத்து நாள்ல எலி வந்துடுச்சு. இதர செலவுல நான் எழுதின முதல் செலவு அதுதான்.

எலிப்பொறி வாங்கிட்டுப் போய் வச்சுக் கொடுத்ததும் நான்தான், மேடம். அது பதினொண்ணு இருபது. நாலு பொறி. அதை யாரும் பேச மாட்டேங்கறாங்க. முட்டி போட்டு நானே வச்சேன். அவரு நாற்காலியில உட்கார்ந்து டார்ச் அடிச்சாரு.

"எனக்கு என்னமோ கெட்ட நேரம் தம்பி. முப்பது வருஷமா எலியைப் பார்க்காத வீடு. இப்ப தண்ணி, எலி, நகராட்சி நோட்டீசு, எல்லாம் சேர்ந்துல்ல வருது."

"வீடுன்னா அப்படித்தான் சார். வயசாயிடுச்சு."

"வீட்டுக்கா, எனக்கா?"

ரெண்டு பேரும் சிரிச்சோம். அன்னிக்கு அவருக்குப் பிடிச்ச ஆப்பிள் பை ஒண்ணு வாங்கிட்டுப் போயிருந்தேன், ஆறு இருபத்தஞ்சு. எனக்கு அவரைப் பிடிச்சிருந்துச்சு. இதை நீங்க நம்ப மாட்டீங்க. நம்பலேன்னாலும் அது உண்மை.

அக்டோபர் பத்தாம் தேதி அவரே கேட்டாரு, நீ என்ன விலை கொடுப்பேன்னு. நான் அவசரப்படல. குறைப் பக்கத்தைப் படிச்சுக் காட்டினேன், வாழைப்பழத்துல ஊசி ஏத்தற மாதிரி. இருபத்துநாலாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டாரு. பத்து டாலர் நோட்டை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. மறுநாள் காலையில நான் பாஸ்கம்கிட்ட போனேன். ஊர்ல நாற்பது வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிற ஆள் அவரு. முப்பத்தெட்டாயிரத்துக்கு எடுத்துக்கிறேன்னாரு. நடுவுல பதினாலாயிரம். கிடங்குல நாலு மாசம் முதுகு ஒடிஞ்சாலும் கையில அவ்வளவு நிக்காது.

"ஒரே ஒரு நிபந்தனை ராய்ஸ். எனக்குக் காலி வீடு வேணும். ஆள் இருக்கிற வீடுன்னா வெளியேத்தறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிடும். நவம்பர் இருபத்திரெண்டு, உள்ளே ஒரு நாற்காலி கூட இருக்கக்கூடாது. இருந்துச்சுன்னா ஒப்பந்தம் ரத்து, நான் குடுக்கற முன்பணத்தை நீ திருப்பிக் குடுத்துடணும்."

முன்பணம் ரெண்டாயிரம். அதை அன்னிக்கே ரெண்டு மாச வாடகை பாக்கிக்குக் கட்டிட்டேன். அது தெரிஞ்சு ஷானா ராத்திரி சாப்பாட்டுக்கு மாட்டிறைச்சி வறுத்தா. "பரவாயில்லடா, நீ சமர்த்துதான்"னு என் தலையைக் கலைச்சு விட்டா. ஏழெட்டு மாசத்துக்கு அப்புறம் அவ கை என் தலையில பட்டது அப்பத்தான்.

வக்கீல் சொல்லிக் கொடுத்த ஒரு விஷயமும் பண்ணினேன். கவுண்டி பதிவு ஆபீசுல ஒத்தைத் தாள் ஒண்ணு. இந்த வீட்டு மேல எனக்கு ஒப்பந்தம் இருக்குன்னு. முப்பத்துநாலு டாலர். அதைப் பதிஞ்சுட்டா அப்புறம் சொந்தக்காரர் வேற யாருக்கும் விக்க முடியாது. வாங்க வர்றவன் பத்திரத்தைத் தேடினதும் அந்தத் தாளைப் பார்த்துட்டு ஓடிடுவான். அதோட இதர செலவுல ஒரு டாலர் பதினஞ்சு சென்ட் மிச்சம்.

நீங்க கேட்ட அந்த விஷவாயு மணி விஷயத்தையும் இங்கேயே சொல்லிடறேன். அடுப்புலேருந்து விஷவாயு கசிஞ்சா கத்தறதுக்குன்னு கூடத்துச் சுவத்துல இருந்துச்சு. பேட்டரி போயிடுச்சுன்னு நிமிஷத்துக்கு ஒரு தரம் கத்திக்கிட்டிருந்துச்சு. அவருக்குக் கை எட்டல, நான் கழட்டினேன், புது பேட்டரி போட்டுக் கொண்டாறேன்னு. பேட்டரி எட்டு டாலர். இதர செலவுல இருந்தது ஒரு டாலர் பதினஞ்சு சென்ட். அப்புறம் வாங்கலாம்னு கார் டிக்கியில போட்டேன். மறந்துட்டேன்னு முதல் நாள் உங்ககிட்ட சொன்னேன். மறக்கல. இன்னும் நேரம் இருக்குன்னு நினைச்சேன்.

கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதையா, நவம்பர் மூணாம் தேதி ஞாயித்துக்கிழமை மார்லீன் போன் பண்ணினா. அவரு விலையைச் சொல்லியிருக்காரு. நான் அடுத்த நாள் போனப்போ அவ பேசறது எனக்கும் கேக்கற மாதிரி போனை ஸ்பீக்கர்ல போட்டு மேஜை மேல வச்சிருந்தாரு.

"யாருய்யா நீ? ஐம்பத்தஞ்சுக்குப் போற வீட்டை இருபத்துநாலுக்கு எழுதி வாங்கியிருக்க. வயசான மனுஷன்னா அவ்வளவு இளக்காரமா?"

"மேடம், அவரு சம்மதிச்சுத்தான்..."

"மேடமாவது மண்ணாவது. வாசப்படிக்கு நான் பணம் அனுப்பறேன். ஒழுங்கா ஒரு தரகரை வச்சு வித்துட்டு அப்பா இங்க வந்துடுவாரு. உன் பத்து டாலரை வாங்கிட்டு நடையைக் கட்டு."

டாக்கெட் பத்து டாலர் நோட்டைச் சட்டைப் பையிலேருந்து எடுத்து மேஜை மேல வச்சாரு. அதே நோட்டு, அதே மடிப்பு. செலவழிக்கவே இல்ல.

"கோவிச்சுக்காத தம்பி. நம்மளுக்குள்ள என்ன. கிழிச்சுப் போட்டுடு."

நான் கவுண்டியில பதிஞ்ச தாளைப் பத்திச் சொன்னேன். சத்தம் போடாமத்தான் சொன்னேன். வேற யாருக்கும் விக்க முடியாது. கோர்ட்டுக்குப் போனா ஒரு வருஷம், வக்கீல் செலவு பல ஆயிரம். இதுக்கு நடுவுல நகராட்சி அபராதம் ஏறிக்கிட்டே இருக்கும். மார்லீன் போன்ல அழுதா. அவரு என் பக்கம் திரும்பினாரு.

"எலிப்பொறி வாங்கிக் குடுத்தவன் நீ. இப்ப அந்த எலி நான்தான், இல்லியா?"

"அப்படியெல்லாம் இல்ல சார்."

"சரி. நான் விக்கல, போகவும் இல்ல. இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். என்ன பண்ணுவ? நாற்காலியோட தூக்கிட்டுப் போவியா?"

அவரு கோபப்பட்டதுல தப்பில்ல. ஆனா என் நிலைமையையும் யோசிச்சுப் பாருங்க. புலி வாலைப் பிடிச்சவன் கதை. பாஸ்கமுக்குத் திருப்பிக் கொடுக்க ரெண்டாயிரம் இல்ல, அது வாடகையா போயிடுச்சு. கிடங்குக் கதவு மூடிக் கிடக்கு. ஷானா சமையலறைக் காலண்டர்ல தேங்க்ஸ்கிவிங் தேதியைச் சிவப்பு மசியில வட்டம் போட்டு வச்சிருக்கா, இந்தத் தடவை வான்கோழி பெருசா வாங்கணும்னு. மூச்சு முட்டுச்சு, மேடம். நிஜமாவே. கார்ல உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி விட்டாலும் காத்து வரலே. அவரு ஒருத்தர் எழுந்து போனாப் போதும், எங்க எல்லாருக்கும் நல்லது. அவருக்கும்தான். அரிசோனாவுல வெயில் அடிக்குது, பெத்த மகள் கூப்பிடறா. இந்தக் குளிர்ல, எலியோட, எதுக்கு?

குளிர்தான் யோசனை கொடுத்துச்சு. ஒரு வீட்டைக் காலி பண்ண ஓஹாயோவுல நவம்பர் மாசத்தை விட நல்ல ஆள் கிடையாது. அடுப்பு நின்னா வீடு ரெண்டு மணி நேரத்துல ஐஸ் பெட்டி. விடுதிக்குப் போவாரு. ரெண்டு நாள் விடுதியில இருந்தா மூணாம் நாள் விமானத்துல ஏறிடுவாரு. பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை மதியம் அவரு மூச்சு டாக்டரைப் பார்க்கப் போற நேரம். பின்பக்கம் ஏணி போட்டு ஏறி, புகைப்போக்கிக்குள்ள ஒரு கம்பளியைத் திணிச்சேன். கிடங்குலேருந்து கொண்டுவந்த பழைய கம்பளி, அதுக்குச் செலவு இல்ல. புகை வெளியே போக வழியில்லேன்னா அடுப்பு தன்னால அணைஞ்சுடும்னு நினைச்சேன்.

புது அடுப்பு அணையும். எண்பத்தேழாம் வருஷத்து அடுப்பு அணையாது, விஷவாயு வீட்டுக்குள்ளேயே திரும்பும்.

எனக்கு அது தெரியுமான்னு நேத்து கேட்டீங்க. தெரியாதுன்னேன். நீங்க இந்த நோட்டைத் திறந்து என் பக்கமா திருப்பி வச்சீங்க. குறைப் பக்கம், ஒன்பதாவது வரி. "அடுப்பு பழசு. புகை அடைச்சா தானா அணையற வசதி கிடையாது. ஆபத்து. மாத்தியே ஆகணும், 4,500." என் கையெழுத்துதான். விலையைக் குறைக்க அவர்கிட்ட நானே சத்தமா படிச்சுக் காட்டின வரி. அதைப் படிச்சப்போ கொஞ்சம் அழுத்திக்கூடச் சொன்னேன், உயிருக்கே ஆபத்து சாருன்னு.

எழுதினது எல்லாம் ஞாபகத்துல இருக்கணும்னு இல்லியே. குறைன்னு எழுதறது வியாபாரத்துக்கு. அது நிஜமாவே குறைதான்னு அந்த நேரத்துல எங்களுக்குத் தோணாது. கூரை ஒழுகும்னு எழுதுவோம், அதே கூரையைப் பாஸ்கம்கிட்ட நல்ல கூரைன்னு சொல்வோம். ரெண்டையும் நம்பினாத்தான் இந்தத் தொழில் ஓடும்.

புதன்கிழமை காலையில ஒன்பது மணிக்குப் போனேன். வீடு காலியான்னு பார்க்க. கார் வாசல்லேயே நின்னுச்சு. கதவைத் தட்டினேன், முறைப்படி. பதில் இல்ல. சுத்திப் போய்ச் சமையலறை ஜன்னல் வழியா பார்த்தேன். உள்ளே கண்ணாடி ஓரமெல்லாம் வேர்த்திருந்துச்சு. குளிர்பெட்டியில சாஞ்சு தரையில உட்கார்ந்திருந்தாரு. மூஞ்சி நல்லா சிவப்பா இருந்துச்சு. பார்க்க ஆரோக்கியமா தெரிஞ்சுது. கண்ணு திறந்திருந்துச்சு.

எதிர் வீட்டுக் கதவுக் காமிராவுல ஒன்பது அஞ்சுக்கு நான் பின்பக்கம் போறது இருக்கு, ஒன்பது பத்துக்குக் கார்லேருந்து ஏணியைப் பின்பக்கம் எடுத்துட்டுப் போறது இருக்கு, ஒன்பது இருபதுக்குக் கம்பளியைச் சுருட்டிக் கார்ல வைக்கிறது இருக்கு. அப்புறம் ஒன்பது நாற்பத்தஞ்சு வரைக்கும் நான் கார்ல உட்கார்ந்திருக்கேன். ஒன்பது நாற்பத்தஞ்சுக்கு அவசர உதவிக்குப் போன். அந்தப் போன்ல என் குரல் நடுங்குதுன்னு நீங்களே சொன்னீங்க. நடிப்பு இல்ல. அப்ப எனக்கு நிஜமாவே அழுகை வந்துச்சு.

கார்ல உட்கார்ந்துக்கிட்டு என்ன பண்ணினேன்னா, வக்கீலோட அந்த ஒரு மணி நேரத்தை யோசிச்சுப் பார்த்தேன். அவரு பிழைச்சா ஆஸ்பத்திரி, மார்லீன் வருவா, வக்கீல் வருவாரு, ஒப்பந்தம் போச்சு. பிழைக்கலேன்னா ஒப்பந்தம் வாரிசையும் கட்டுப்படுத்தும். வீடு கோர்ட்டுக்குப் போகாம நேரா மகளுக்குப் போற மாதிரி அவரு முன்னாடியே எழுதி வச்சிருந்தாரு, என்கிட்ட அந்தக் காகிதத்தைக் காட்டியிருக்காரு. இதை நான் அவசரத்துல முடிவு பண்ணலேன்னு நீங்க எழுதிக்கணும். நிதானமா, ரெண்டு பக்கத்தையும் தட்டுல வச்சுப் பார்த்தேன்.

பழைய அடுப்பு, என்ன பண்றதுன்னு தீயணைப்பு ஆளுங்க சொன்னாங்க. பாஸ்கம் துக்கத்துக்காக மூணு வாரம் தள்ளிக் கொடுத்தாரு. மார்லீன் வந்தா. அப்பா செத்த வீட்டுல இன்னொரு நாள் நிக்க முடியாதுன்னு, டிசம்பர் பத்தாம் தேதி கையெழுத்துப் போட்டுட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, போன்ல கன்னாபின்னான்னு பேசிட்டேன், கடைசியில நீங்களாவது அப்பாவைப் பார்க்க வந்தீங்களேன்னு அழுதா. நான் அவ தோளைத் தட்டிக் கொடுத்தேன். அந்த நேரத்துல அவ மனசைப் புண்படுத்தறது சரியில்ல. ஷானா கென்டக்கிக்குப் போகல. எனக்கு வேண்டியது அவ்வளவுதான், மேடம். வேற எதுக்கும் நான் ஆசைப்படல.

ஜன்னல்ல நின்ன அந்த ரெண்டு நிமிஷத்தைத்தான் நீங்க திரும்பத் திரும்பக் கேக்கறீங்க. அவரு என்னைப் பார்த்தாரான்னு. பார்த்தாரு. அடையாளம் தெரிஞ்சுதான்னு கேட்டா, தெரிஞ்சுது, வாயை அசைச்சாரு, என் பேர்தான். வலது கையை ரொம்பக் கஷ்டப்பட்டுத் தரையிலேருந்து தூக்கி, என்னைப் பார்த்து ஆட்டினாரு. சண்டை போட்டுக்கிட்டோமே தவிர, எங்களுக்குள்ள மரியாதை குறைஞ்சதில்ல. நானும் பதிலுக்குக் கையை ஆட்டிட்டுத்தான் வந்தேன்.